பிரிவுப் பாட்டு, ஆனால் கேட்டால் மனம் எழும்புகிறது: பில் விதர்ஸ் கேட்டவர்கள் இருக்கிறீர்களா?

பொன்வேலை
(இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். இந்த இசைப் பகுதியை நெடுநாளாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

நான் யாழ்ப்பாணத்தில் கஸ்தூரியார் வீதிப் பக்கம் ஒரு நகைப் பட்டறையில் வேலை செய்கிறேன். போன வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து பெரியம்மாவின் மகன் வந்து நின்றான். எனக்குத் தம்பி முறை. 25 நாளும் எங்கள் வீட்டில்தான். திரும்பிப் போகும்போது ஒரு சின்ன ஸ்பீக்கரையும், என் போனில் கொஞ்சம் ஆங்கிலப் பாட்டுகளையும் விட்டுவிட்டுப் போனான். அப்போது நான் அவற்றைத் திறந்தும் பார்க்கவில்லை.

கார்த்திகையில் எனக்கு வேண்டிய ஒருத்திக்குக் கலியாணம் நடந்தது. லண்டன் மாப்பிள்ளை. ஐந்து வருடம் பழகினோம். அவளுடைய வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை, அதைப் பற்றி இங்கே விரிக்கவும் விரும்பவில்லை. அந்த மாரி முழுக்க நான் தமிழ்ச் சோகப் பாட்டுகளோடுதான் கிடந்தேன். பட்டறையில் கூட இருப்பவர்கள் "பாட்டை மாத்தடா" என்று சொல்லிக் களைத்துப்போனார்கள். கேட்கக் கேட்க நெஞ்சு கல்லாகிக்கொண்டே போனது.

ஒருநாள் இரவு மழைக்குக் கரண்ட் போய்விட்டது. ஸ்பீக்கரில் மட்டும் சார்ஜ் இருந்தது. கை தவறி அந்தத் தம்பி போட்டுவிட்ட பட்டியலை அமத்திவிட்டேன். முன்னிசை ஒன்றும் இல்லாமல் ஒரு ஆணின் குரல் நேரே தொடங்கியது. அவள் போனால் வெயிலே இல்லை என்பதுதான் அந்தப் பாட்டின் சாரம். பெயர் 'எய்ண்ட் நோ சன்ஷைன்'. பாடியவரும் எழுதியவரும் அமெரிக்கப் பாடகர் பில் விதர்ஸ். 1971இல் வந்திருக்கிறது. 2 நிமிடத்துக்குச் சற்றுக் கூடத்தான் வரும். முடிந்த பிறகு நான் திரும்பத் திரும்பப் போட்டேன். எத்தனை தரம் என்று தெரியாது, ஸ்பீக்கர் அணையும் வரைக்கும்.

எனக்கு விளங்காத விஷயம் இதுதான். பாட்டில் சந்தோசம் என்று ஒரு சொல்கூட இல்லை. அவள் திரும்பி வருவாளா என்றும் அவருக்குத் தெரியவில்லை. வீடு வீடாகவே இல்லை என்கிறார். ஆனால் கேட்டு முடித்தபோது மாதக் கணக்கில் முதல் தரம் எனக்குப் பசித்தது. எழும்பிப் போய்க் குசினியில் இருந்த புட்டைச் சம்பலோடு சாப்பிட்டேன். அம்மா விளக்கைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனா.

எங்கள் தொழிலில் ஒன்று உண்டு. பவுணைத் தட்டிக்கொண்டே போனால் அது இறுகிவிடும். அதற்கு மேலும் தட்டினால் வெடிக்கும். இடையில் நெருப்பில் காட்டி எடுத்தால் திரும்ப இளகும், பிறகு எந்த வடிவத்துக்கும் வரும். நான் முதல் கேட்ட பாட்டுகள் என்னைத் தட்டிக்கொண்டே இருந்தன. இந்த மனுசன் நெருப்பில் காட்டிவிட்டார்.

இது ஏன் இப்படி என்று சொல்லத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இவருடைய மற்றப் பாட்டுகளில் எதைக் கேட்கலாம் என்றும் சொல்லுங்கள்.

ஆறுகம்பி

அண்ணை, நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கம்பஸ் பெடியன். எங்கள் அறையில் கிற்றார் பழகும் எல்லோரும் முதல் மாதத்திலேயே வாசிக்கும் பாட்டு இது. ஏ மைனர், ஈ மைனர், ஜி, இடையில் ஒரு டி மைனர். அவ்வளவுதான். விரல் நோகாத பாட்டு என்று நாங்கள் சொல்வோம்.

ஆனால் வாசிக்கத் தெரிந்தாலும் பாட வராது. நடுவில் "எனக்குத் தெரியும்" என்ற பொருளில் ஒரே சொற்களை 26 தடவை சொல்கிறார் பாருங்கள், அங்கேதான் எல்லோரும் விழுவோம். மற்ற வாத்தியமெல்லாம் ஒதுங்கிவிடும். குரலும் தாளமும் மட்டும் நிற்கும். அந்த இடத்துக்கு அவர் வேறு வரிகள் எழுதத்தான் இருந்தாராம். ஒலிப்பதிவில் இருந்த அனுபவசாலிகள் அப்படியே விடு என்று சொன்னதால் விட்டார்.

கீரிமலைக்காற்று

பொன்வேலை, உங்கள் மனம் தேறியது நல்ல செய்தி. ஆனால் காரணத்தை நான் வேறு மாதிரி நினைக்கிறேன். வேற்று மொழிப் பாட்டு என்பதால்தான் உங்களுக்கு அது பாரமாக இல்லை. தமிழில் ஒரு சொல் விழுந்தால் அதோடு அம்மா, ஊர், கிணற்றடி, அவள் நின்ற ஒழுங்கை எல்லாம் சேர்ந்து விழும். ஆங்கிலச் சொல்லுக்கு எங்களிடம் அந்த வேர் இல்லை. அதனால் மெட்டு மட்டும் மனதில் இறங்குகிறது, வலி வெளியே நிற்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் சோகப் பாட்டுகளைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்குக் கொஞ்சம் மனவருத்தம். அழவைப்பது ஒரு பாட்டின் குறை இல்லை. என் அப்பம்மா செத்தவீடுகளில் ஒப்பாரி வைப்பா. அதைக் கேட்டு அழாதவர்கள் இல்லை. ஆனால் அழுது முடிந்ததும் அதே மனுசி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, வந்த சனத்துக்குத் தேத்தண்ணி ஊத்தச் சொல்லி ஆட்களை ஏவிக்கொண்டு நிற்பா. ஒப்பாரி அவவைப் படுக்கவைக்கவில்லை, எழுப்பித்தான் விட்டது. மனதைத் தூக்கிவிட மேற்கத்தியப் பாட்டுத்தான் வேண்டும் என்று யாரும் நினைக்கக்கூடாது.

சுருதிப்பெட்டி

கீரிமலைக்காற்று சொன்னதில் ஒப்பாரி பற்றிய பகுதியை அப்படியே ஏற்கிறேன். மொழி பற்றிச் சொன்னதை ஏற்கமுடியவில்லை. நான் மருதனார்மடத்தில் சங்கீதம் படித்தவள், இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நேற்று இந்த இழையை வாசித்துவிட்டு அந்தப் பாட்டைச் சுருதியோடு பிடித்துப் பார்த்தேன்.

அவர் பாடும் மெட்டு பெரும்பாலும் ஐந்து சுரங்களுக்குள்ளே நிற்கிறது. ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், ப, கைசிகி நிஷாதம். எங்கள் கணக்கில் அது சுத்த தன்யாசியின் சுரக்கூட்டம். நான் உட்கார்ந்து யோசித்தது இந்த இடத்தில்தான். அழுகைக்கு என்று எங்களிடம் முகாரி இருக்கிறது, சுபபந்துவராளி இருக்கிறது. சுத்த தன்யாசியை யாரும் அழுகைக்கு எடுப்பதில்லை. கச்சேரியில் துருதுருவென்று ஓடுகிற, சபையை நிமிர்ந்து உட்காரவைக்கிற ராகம் அது.

சுபபந்துவராளியில் சட்ஜத்துக்கு ஒட்டியபடி ரிஷபம், பஞ்சமத்துக்கு இரண்டு பக்கமும் ஒட்டியபடி மத்திமமும் தைவதமும். அந்த நெருக்கம்தான் மனதைப் பிசைகிறது. சுத்த தன்யாசியில் ஒட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு சுரம் கிடையாது. எல்லாவற்றுக்கும் இடையில் காற்றோட்டம் இருக்கிறது. பிரிவைச் சொல்கிற வரிகளை அவர் அந்த விசாலமான வீட்டில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். கமகத்தோடு, சுரங்களை அசைத்து நாங்கள் பாடும் ராகமும் அவர் பாடுவதும் ஒன்று என்று சொல்லமாட்டேன், அது பிழை. சுரங்களின் இடைவெளி பற்றி மட்டும் சொல்கிறேன்.

அவருடைய 'லீன் ஆன் மீ'யையும் கேளுங்கள். 1972இல் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போன பாட்டு. அது சங்கராபரணத்தின் சுரங்கள். ச ரி க ம என்று படி ஏறி, அதே படியால் இறங்கும். சரளி வரிசை படிக்கும் ஏழு வயதுப் பிள்ளை ஆர்மோனியத்தில் கண்டுபிடித்துவிடும். அவர் ஒரு சின்ன மின்பியானோ வாங்கி, விரலை ஒவ்வொரு கட்டையாக மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தபோது பிறந்த மெட்டு அது. முறையாகச் சங்கீதம் படித்தவர் இல்லை. படித்த எனக்கு அப்படி ஒரு மெட்டைத் தொடுவதற்குத் துணிவு வந்திருக்காது, இது மிகவும் எளிது என்று விட்டிருப்பேன்.

பொன்வேலை, இன்னொரு விஷயம். அந்த 26 தடவையையும் தாளம் போட்டுக்கொண்டு கேளுங்கள். சொற்கள் தாளத்தில் ஒரே இடத்தில் விழாது, தள்ளித் தள்ளி விழும். தவில்காரர் ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டு போய், கடைசியில் தாளம் தொடங்கும் இடமான சமத்தில் வந்து இறங்குகிறபோது சனம் மூச்சு விடுமே, அந்த நிறைவு இதிலும் இருக்கிறது. எங்களுடைய காதுக்கு இது அந்நியமே இல்லை.

டைனமோ

தம்பி பொன்வேலை, எனக்கு வயது அறுபத்தாறு. நீர் இந்தப் பாட்டை இப்போதுதான் கண்டுபிடித்தீர். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில், எழுபதுகளில், இலங்கை வானொலியின் ஆங்கில சேவையில் கேட்டவன். அப்போது பாடியவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

பெயர் தெரிந்தது பிறகு. தொண்ணூறுகளில் இங்கே கரண்ட் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுத்தி, டைனமோவிலிருந்து வயர் எடுத்து கசற் பிளேயருக்குக் கொடுப்போம். சுத்துகிறவன் களைத்தால் பாட்டும் களைத்து இழுபடும். என் மைத்துனரிடம் கொழும்பிலிருந்து வந்த ஒரு கசற் இருந்தது. அதில் 'லீன் ஆன் மீ' இருந்தது. எங்கள் வீட்டு முற்றத்தில் நாலு பேர் முறைவைத்துச் சுத்துவோம். அந்தப் பாட்டுக்கு மட்டும் எவனும் களைக்கமாட்டான். ஒருவன் கை ஓயும்போது அடுத்தவன் வந்து பெடலைப் பிடிப்பான். பாட்டின் பொருளும் அதுதான் என்று அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

1995 ஐப்பசி 30. யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த அந்தத் திகதியை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் சனத்தோடு சனமாக நகர்ந்தோம். சாவகச்சேரிக்கு அப்பால் முன்பின் தெரியாத ஒரு வீட்டில் இடம் தந்தார்கள். ஒரு அறைக்குள் மூன்று குடும்பம். அந்த வீட்டுக்காரி இரவில் ஒரு பானைக் கஞ்சியை அளந்து அளந்து எல்லோருக்கும் வார்ப்பா. அந்த நாட்களில் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது இந்த மெட்டுத்தான். சொற்கள் அரைகுறை. மெட்டு முழுசாக.

பில் விதர்ஸ் பிறந்தது மேற்கு வர்ஜீனியாவில் ஸ்லாப் ஃபோர்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில், 1938இல். பதின்மூன்று வயதில் தகப்பன் இல்லை. பிறகு கடற்படையில் ஒன்பது வருடம். அதன்பின் லொஸ் ஏஞ்சல்சில் விமானத் தொழிற்சாலை வேலை. முதல் இசைத்தட்டு 'ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்' வந்தபோது முப்பது வயது தாண்டிவிட்டது. அதன் அட்டையைப் பாரும். வேலைத்தளத்தின் மதிய இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பாட்டு உலகத்தை நம்பமுடியாது என்று அந்த வேலையை உடனே விடவும் இல்லை. 'லீன் ஆன் மீ' எழுதியபோது நகரத்தில் இருந்துகொண்டு அந்தச் சின்ன ஊர்ச் சனத்தின் ஒட்டுறவை நினைத்துத்தான் எழுதினார்.

ஆகவே நீர் கேட்ட "ஏன்" என்பதற்கு என் விடை இது. இந்த மனுசன் விடிந்தால் வேலைக்குப் போகவேண்டிய ஆள். அவருடைய குரலில் அது இருக்கிறது. கவலைக்காகப் படுத்துக்கிடக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை, ஆனால் கவலையை மறைக்கவும் இல்லை. பட்டறையில் இருக்கிற உமக்கு அது சட்டென்று பிடிபட்டது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

2020 பங்குனிக் கடைசியில் அவர் இறந்தார். இங்கே ஊரடங்கு. செய்தியைப் பார்த்துவிட்டு மனிசிக்குச் சொன்னேன், முற்றத்துச் சைக்கிள் பாட்டுக்காரர் போய்விட்டார் என்று. அவவுக்கு உடனே விளங்கிவிட்டது.

பொன்வேலை

டைனமோ ஐயா, உங்கள் பதிவைப் பட்டறையில் சத்தமாக வாசித்தேன். கூட இருக்கும் மூத்த பத்தர் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அவரும் அந்தப் பாலத்தால் நடந்தவர்.

நாவற்பழம்

நான் வேறு பக்கத்திலிருந்து எழுதுகிறேன். விட்டுவிட்டுப் போனவள் நான்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருவரை விட்டுவிட்டு வெளிநாட்டுக்குக் கலியாணம் செய்து போனேன். காரணங்கள் பல. தங்கச்சிமார் இருந்தார்கள், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. இப்போது திரும்பி வந்து கோண்டாவிலில் இருக்கிறேன். அந்தப் பன்னிரண்டு வருடமும் தமிழில் பிரிவுப் பாட்டு என்று எதைக் கேட்டாலும் பெண் ஏமாற்றிவிட்டாள், பணத்தைப் பார்த்துப் போய்விட்டாள், அவளுக்கு இதயமில்லை என்றே வரும். பாடுகிறவருக்குக் கள்ளும் சிகரெட்டும் ஆறுதல். கேட்கிற எனக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. காரில் போகும்போது கணவர் அப்படி ஒரு பாட்டைப் போட்டால் நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவேன்.

பொன்வேலை தம்பி முதல் பதிவிலேயே "அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை" என்று எழுதியதைப் பார்த்துத்தான் நான் பாட்டைத் தேடிக் கேட்டேன். பில் விதர்ஸின் அதே முதல் தட்டில் 'ஹோப் ஷீல் பீ ஹாப்பியர்' என்று ஒன்று இருக்கிறது. சரியான மெதுவான பாட்டு. போனவள் மற்றவனோடாவது சந்தோசமாக இருக்கட்டும் என்று ஒரு ஆண் பாடுகிறார். அப்படிச் சொல்வது அவருக்கு லேசாக இல்லை, ஒவ்வொரு சொல்லையும் இழுத்து எடுக்கிறார். ஆனால் சொல்லிவிடுகிறார். அந்தப் பாட்டில் அவளுக்குச் சாபம் இல்லை.

நான் மதியச் சமையல் வேலையை விட்டுவிட்டு அடுப்படியிலேயே இருந்து அழுதேன். பிறகு எனக்குள் ஏதோ லேசாகிவிட்டது. சுருதிப்பெட்டி அக்கா சொன்ன சுரங்களின் இடைவெளி பற்றி எனக்கு அறிவு இல்லை. டைனமோ ஐயா சொன்ன வேலைக்காரக் குரலும் உண்மையாக இருக்கும். எனக்கு இந்தப் பாட்டுகள் மனதைத் தூக்குவதற்குக் காரணம், அவற்றில் போனவளுக்கும் ஒரு மனுசியாக நிற்க இடமிருக்கிறது. வெறுப்பு இல்லாத இடத்தில்தான் மூச்சு விடமுடிகிறது.

அந்த ஒருவர் இந்தத் தளத்தை வாசிப்பாரோ தெரியாது. வாசித்தால், நல்லாக இருங்கள்.

கீரிமலைக்காற்று

அக்கா, உங்கள் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். நீங்கள் இதை இங்கே எழுதியதற்கு நன்றி.

நான் முதல் எழுதியதில் ஒரு பகுதியைத் திருத்திக்கொள்கிறேன். இரவு 'எய்ண்ட் நோ சன்ஷை'னை அம்மாவுக்கு வரி வரியாகத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். வேர் இல்லாத மொழி என்று நான் சொன்னது சரியா என்று பார்க்கத்தான். அம்மா கேட்டுவிட்டு, "பாவம் இந்தப் பெடியன். ஆனா விழமாட்டான்" என்றா. மெட்டைப் போடவே இல்லை, சொற்களை மட்டும்தான் சொன்னேன். ஆகவே பாரம் குறைவதற்கு மொழி காரணமில்லை. அவர் சொல்லும் விதத்திலேயே அது இருக்கிறது. அவள் போவது இது முதல் தரம் இல்லை, போய்ப் போய் வருகிறாள் என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. தனக்குக் கூடாத ஒன்றை விடமுடியாமல் நிற்கும் மனுசர் பற்றி ஒரு படம் பார்த்துவிட்டுத்தான் அவர் இதை எழுதினார். குடிக்கு அடிமையான ஒரு ஆணும் பெண்ணும் பற்றிய 1962ஆம் ஆண்டுப் படம். இதை அறிந்த பிறகு அந்த "தெரியும் தெரியும்" எனக்கு வேறு மாதிரிக் கேட்கிறது. விடவேண்டும் என்று தனக்கே தெரியும் என்றுதான் அவர் 26 தரமும் சொல்கிறார்.

ஆனால் அவரிடம் வெறுப்பு, சந்தேகம் ஒன்றுமே இல்லை என்று நினைக்கவேண்டாம். 1972இல் வந்த இரண்டாவது தட்டில் 'ஹூ இஸ் ஹீ' என்ற பாட்டு முழுக்கச் சந்தேகம்தான். எதிரே வந்தவன் என்னை முறைத்தான், நீ ஏன் நிலத்தைப் பார்த்தாய், அவன் உனக்கு யார் என்று நெஞ்சைக் குடைகிறார். அதைக் கேட்டால் மனம் எழும்பாது. அதுவும் அவர்தான்.

மெல்லப்பேசி

நான் இந்தத் தளத்தில் அதிகம் எழுதுவேன், நேரில் குறைவாகக் கதைப்பேன். எனக்குத் திக்குவாய்.

ஒருவரும் இதை இன்னும் சொல்லவில்லை என்பதால் சொல்கிறேன். பில் விதர்ஸுக்கும் திக்குவாய் இருந்தது. சின்ன வயதில் தொடங்கி, கடற்படையில் இருந்த காலத்திலும் அது அவரோடு இருந்தது. வளர்ந்த பிறகுதான் அதைக் கடந்தார்.

திக்கிப் பேசுகிறவனுக்கு ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவது என்றால் என்ன என்று மற்றவர்களுக்குத் தெரியாது. கடையில் "கா, கா, கா" என்று கால்கிலோவில் நின்றுவிட்டால் பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள், அல்லது இரக்கத்தில் எனக்காகச் சொல்லிமுடிப்பார்கள். இரண்டாவதுதான் கூட நோகும். பள்ளிக்கூடத்தில் வாசிக்க எழுப்பிவிட்ட நாட்களை நான் நினைக்கவே விரும்புவதில்லை.

இப்படி இருந்த ஒருவர் உலகத்துக்கு முன்னால் தன் முதல் பெரிய பாட்டில் ஒரே சொற்களை 26 தடவை சொல்கிறார். வேண்டுமென்று. தாளத்துக்குள். யாரும் அவருக்காக முடித்துவைக்கவில்லை. அவர் தன்னுடைய நேரத்தில் முடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார். அந்த இடத்தை முதல் தரம் கேட்டபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. அவர் அதை நினைத்துத்தான் பாடினார் என்று நான் சொல்லவரவில்லை. எனக்கு அது அப்படித்தான் கேட்கிறது.

நான் காலையில் குளிக்கும்போது அந்த 26ஐயும் சத்தமாகச் சொல்வேன். ஒன்றில்கூட நாக்குத் தடக்காது.

ஆறுகம்பி

அண்ணை, இதை வாசித்த பிறகு எங்கள் அறையில் ஒருவரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.

பொன்வேலை கேட்டதற்கு: அடுத்ததாக 'கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்' கேளுங்கள். அம்மம்மாவின் கைகளைப் பற்றியது. தேவாலயத்தில் தட்டிய கை, விழும்போதெல்லாம் தூக்கிவிட்ட கை. பிரிவுப் பாட்டுத்தான், ஆனால் இறந்துபோன ஒருவரோடான பிரிவு. 1972 ஐப்பசியில் நியூயோர்க் கார்னகி ஹாலில் பாடிய நேரடிப் பதிவில், பாடுவதற்கு முன் அம்மம்மாவைப் பற்றிச் சனத்தோடு கதைப்பார். அதுவே ஒரு பாட்டு மாதிரி இருக்கும்.

டைனமோ

அதே பதிவில் 'ஐ கான்ட் ரைட் லெஃப்ட் ஹேண்டட்' இருக்கிறது. வியட்நாமில் வலது கையை இழந்த ஒரு பெடியன், தாய்க்குக் கடிதம் எழுதித்தரும்படி இன்னொருவரைக் கேட்கிறான். தம்பிமாரே, அதை இப்போதே கேட்கவேண்டாம். எங்கள் ஊரில் அந்தப் பாட்டு வேறு மாதிரி இறங்கும். எனக்குத் தெரிந்த இரண்டு வீடுகளில் அந்தப் பெடியன் இருக்கிறான். மனம் உறுதியாக இருக்கும் நாளில் கேளுங்கள்.

'லவ்லி டே'யை எப்போதும் கேட்கலாம். 1977. கடைசியில் ஒரு சுரத்தை ஏறக்குறைய 18 வினாடி பிடிப்பார். சுத்துகிறவன் களைக்காமல் இருந்தால்தான் எங்கள் முற்றத்தில் அது முழுசாக வரும்.

சுருதிப்பெட்டி

மெல்லப்பேசி, உங்கள் பதிவை என் மாணவி ஒருத்திக்குக் காட்டலாமா? பேர் ஊர் ஒன்றும் சொல்லமாட்டேன். பாடும்போது திக்கமாட்டாள், கதைக்கும்போது திக்குவாள். அரங்கேற்றத்துக்கு முன் சபைக்கு வணக்கம் சொல்லப் பயந்துகொண்டு இருக்கிறாள்.

மெல்லப்பேசி

ஓம் அக்கா. தாராளமாக. வணக்கத்தைப் பாடச் சொல்லுங்கள்.

பொன்வேலை

மூன்று நாளாகப் பதில் எழுதவில்லை, மன்னிக்கவும். தை பிறந்துவிட்டதால் கலியாண வேலை குவிந்துவிட்டது.

எல்லோரும் சொன்னதையும் கேட்டேன். சுத்த தன்யாசி என்று போட்டுத் தேடி ஒரு நாதஸ்வரப் பதிவைக் கேட்டேன். சுருதிப்பெட்டி அக்கா சொன்ன காற்றோட்டம் எனக்கும் விளங்கியது. கீரிமலைக்காற்று அண்ணை, நான் எங்கள் பாட்டுகளைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் எனக்கு அவை வேலைசெய்யவில்லை, அவ்வளவுதான். உங்கள் அப்பம்மாவின் ஒப்பாரியை ஒருதரம் கேட்கக் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாவற்பழம் அக்கா சொன்ன பாட்டை நேற்று இரவு கேட்டேன். முதல் தரம் பாதியில் நிற்பாட்டிவிட்டேன். அவள் மற்றவனோடு சந்தோசமாக இருக்கட்டும் என்று வாயால் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. பிறகு இன்று காலை பட்டறையில் ஒரு தாலிக்கொடிக்குப் பொடி வைத்து ஊதிக்கொண்டிருந்தபோது பாட்டு தானாக உள்ளே ஓடியது. பேர் தெரியாத ஏதோ ஒரு பெண்ணின் கொடி அது. அந்தக் கொளுவி ஒட்டிக்கொண்ட நேரத்தில் என் வாய் அதைச் சொல்லிவிட்டது. சத்தமாக இல்லை. பக்கத்தில் இருந்த பெரிய பத்தர் "என்னடா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

இப்போது பட்டறையில் காலை பத்து மணிக்குத் தேத்தண்ணியோடு 'லீன் ஆன் மீ' போடுகிறோம். பெரிய பத்தருக்குச் சொற்கள் விளங்காது. சுத்தியலால் பட்டறைக் கட்டையில் அந்த நாலு படியையும் தட்டிக்கொண்டு இருப்பார்.

டைனமோ ஐயா, உங்களிடம் அந்தக் கசற் இன்னும் இருக்கிறதா?

டைனமோ

இருக்கிறது தம்பி. நாடா பூஞ்சணம் பிடித்துவிட்டது, ஓடாது. சைக்கிளும் இருக்கிறது, டைனமோவும் அதிலேயே இருக்கிறது.

ஆறுகம்பி

ஐயா, கசற் நாடா துடைத்துச் சரிசெய்யத் தெரிந்த ஒருவரை எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை பின்னேரம் நேரம் இருந்தால் சொல்லுங்கள். நான் கிற்றாரோடு வருகிறேன், பொன்வேலை அண்ணை பட்டறை பூட்டிவிட்டு வரட்டும். பெடல் சுத்த ஆள் வேண்டும்.

மெல்லப்பேசி

நான் சுத்துகிறேன்.